அரைப்பேரும் நத்தார் பூசையும்

தங்கச்சி, பறிச்ச தேயிலைக் கொழுந்து கிலோ குறைஞ்சதால இந்த மாசம் பல நாள் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டுட்டாங்க, பிள்ளைக்குப் புதுச்சட்டை எடுக்கக் காசில்ல, நத்தார் பூசைக்கு எந்த முகத்தோட போறதுன்னு கேட்டிருந்தீங்க. வாசிச்சதும் எங்க அம்மாவோட கைதான் ஞாபகம் வந்துச்சு. கொழுந்துக் கறை ஏறி, விரல் இடுக்கெல்லாம் வெடிச்ச கை. அந்தக் கையை நீட்டி நற்கருணை வாங்க அவங்க ஒருநாளும் கூசினதில்ல.

லூக்கா 2ஆம் அதிகாரத்தை எடுத்து வாசிங்க. குழந்தை இயேசுவைக் கோவிலுக்குக் கொண்டு போனப்போ காணிக்கையா அங்கே சொல்லியிருக்கிறது ஒரு ஜோடிப் புறாதான். ஆட்டுக்குட்டி கொடுக்க வசதியில்லாத தாய்க்கு மோசேயின் சட்டம் கொடுத்த சலுகை அது; லேவியர் 12இல இருக்கு. மாதாவே ஏழைக் காணிக்கையோடதான் போனாங்க, தங்கச்சி! பிறப்புச் செய்தி முதல்ல கிடைச்சதும் ராக்காவல் இருந்த இடையர்களுக்குத்தான்.

தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோல்ல உங்க பேரு பாதியா இருக்கலாம். ஞானஸ்நானத்துல கூப்பிட்ட பேரு முழுசு.

அரைப்பேர்க் கணக்கு சரிதானான்னு தொழிற்சங்கத் தோட்டத் தலைவர்கிட்ட கேளுங்க, விட்டுடாதீங்க. 24ஆம் தேதி ராத்திரி குளிர் கடுமையா இருக்கும். பிள்ளைக்குக் கம்பளித் தொப்பியை மாட்டி, துவைச்ச சேலையோட போங்க. குடில் தெரியுற மாதிரி முன்னுக்கே உட்காருங்க.