கடற்காற்றா, வெல்டிங்கா: ஜாயிண்ட்டில் மட்டும் துரு வந்தால்

கேள்வி: மேடவாக்கத்தில் எங்கள் மொட்டை மாடியில் எட்டு மாதம் முன்பு ஷீட் கூரை போட்டோம். தூண்கள் மூன்று அங்குல சாதா இரும்பு பாக்ஸ் பைப், 2 மி.மீ. கனம். அடியில் 10 மி.மீ. பேஸ் பிளேட். இந்த ஐப்பசி மழைக்குப் பிறகு ஜாயிண்ட்களில் மட்டும் பழுப்பாக வடிகிறது. பெயிண்டைச் சுரண்டினால் குண்டூசித் தலை அளவில் ஓட்டைகள். ஒரு தூணின் அடியில் தலைமுடி போல ஒரு கோடும் தெரிகிறது. "கடற்காற்று சார், சென்னையில் எல்லா வீட்டிலும் இப்படித்தான். பட்டி வைத்து பெயிண்ட் அடித்துத் தருகிறேன், வேண்டுமானால் மேலே இன்னொரு ஓட்டு வெல்டிங் ஓட்டிவிடுகிறேன்" என்கிறார் கான்ட்ராக்டர். சம்மதிக்கலாமா?

பதில்: இரண்டுக்குமே சம்மதிக்காதீர்கள். பட்டியும் வேண்டாம், மேலே ஓட்டும் வெல்டிங்கும் வேண்டாம்.

கடற்காற்றுத் துரு ஜாயிண்ட்டை மட்டும் பார்த்து வராது. பைப் முழுவதும் படரும். மழை கழுவிவிடாத இடங்களில், அதாவது ஷீட்டுக்கு அடியிலும் பைப்பின் கீழ்ப்பக்கத்திலும்தான் உப்பு தங்கும் என்பதால் அங்கே முதலில் கொப்புளம் போல எழும்பும். உங்கள் வீட்டில் பைப்பின் நடுப்பகுதி சுத்தமாக இருக்கிறது, ஜாயிண்ட் மட்டும் வடிகிறது. ஓட்டை வழியாக உள்ளே போன மழைத்தண்ணீர்தான் துருவைக் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. கோளாறு வெல்டிங்கில்தான்.

இந்த முடிவுக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அதை வைத்தும் ஏமாற்றுகிறார்கள் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். ஜி.ஐ. பைப்பில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்பில் போட்ட வேலை என்றால், ஜாயிண்ட்டில் மட்டும் துரு வருவதை வைத்து வெல்டரைக் குற்றம் சொல்ல முடியாது. பைப்பின் மேல் இருக்கும் துத்தநாகப் பூச்சு சுமார் 420 டிகிரியில் உருகி, 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். இரும்பு உருகவோ 1500 டிகிரி வேண்டும். எவ்வளவு நல்ல வெல்டராக இருந்தாலும் ஜாயிண்ட்டைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குப் பூச்சு போய்விடும், அங்கே துரு பிடிக்கும். சுரண்டிப் பார்த்து ஓட்டை இல்லாமல் துரு மட்டும் இருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, துத்தநாகம் கலந்த பெயிண்ட் இரண்டு கை அடித்தால் போதும். ஆனால் அந்தப் பூச்சை எடுக்காமல் அப்படியே வெல்டிங் போட்டிருந்தால், ஆவியான துத்தநாகம் உருகிய இரும்புக்குள் சிக்கி ஓட்டை போட்டுவிடும். அதனால்தான் ஜாயிண்ட்டின் இரு பக்கமும் ஒரு அங்குலத்துக்குப் பூச்சைக் கிரைண்டர் போட்டு எடுத்துவிட வேண்டும் என்பது. அந்தப் புகையும் கெட்டது. மூச்சில் போனால் இரவில் குளிர்காய்ச்சல் வரும். "ஜி.ஐ. போட்டால் துருவே பிடிக்காது" என்று கிலோவுக்குக் கூடுதல் விலை வாங்குபவர்கள், ஜாயிண்ட்டில் அந்த ஜி.ஐ. இல்லாமல் போவதைச் சொல்வதில்லை. உங்களுடையது சாதா இரும்பு. இந்த விலக்கு உங்கள் கான்ட்ராக்டருக்குப் பொருந்தாது.

இப்போது ஓட்டைகளுக்கு வருவோம். இரும்பு உருகி இருக்கும்போது அதற்குள் வாயு மாட்டிக்கொண்டு, வெளியேறுவதற்குள் இரும்பு உறைந்துவிட்டால் ஓட்டை. வாயு எங்கிருந்து வரும்? முதல் சந்தேகம் நனைந்த ராடு, அதாவது உருகி ஜாயிண்ட்டை நிரப்பும் பூச்சுள்ள வெல்டிங் கம்பி. பாக்கெட்டைப் பிரித்து மாடியில் திறந்தபடி போட்டுவிட்டுப் போவார்கள், இரவுப் பனியில் ராடின் பூச்சு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட ராடு எரியும்போது எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் படபடக்கும், பொறி அதிகம் தெறிக்கும். 6013 என்ற சாதாரண வகை ராடு ஈரம் பட்டிருந்தால் சுமார் 100 டிகிரியில் ஒரு மணி நேரம் காயவைத்தால் போதும். இரண்டாவது, பைப்பின் மேல் இருக்கும் எண்ணெய், துரு, பிரைமர். தரையிலேயே பைப் முழுக்க ரெட் ஆக்சைடு அடித்து மேலே ஏற்றி, அதன் மேலேயே வெல்டிங் போடுவது நம் ஊரில் தினசரி நடக்கிறது. மூன்றாவது, ராடு முனையைத் தூக்கிப் பிடிப்பது. ராடின் கனம் எவ்வளவோ அவ்வளவுதான் இடைவெளி இருக்கலாம். மொட்டை மாடிக் காற்று வேறு, உருகிய இரும்பைக் காக்க வேண்டிய ராடுப் புகையைக் கலைத்துவிடும்.

ஒரு மூலையில் மட்டும் பெரிய ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பாக்ஸ் பைப்பை நாலு பக்கமும் மூடிக்கொண்டு வரும்போது உள்ளே சூடான காற்றுக்கு வழி இல்லாமல், கடைசியாக மூடும் இடத்தில் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். அனுபவமுள்ளவர்கள் அதற்கு முன்பே ஒரு சிறு துளை போட்டுக் காற்றை வெளியே விட்டு, கடைசியில் அதை அடைப்பார்கள்.

ஓட்டையின் மேல் இன்னொரு ஓட்டு ஓட்டினால் என்ன ஆகும்? கீழே இருக்கும் துருவும் ஈரமும் பெயிண்டும் சூட்டில் மறுபடி வாயுவாகி, புது வெல்டிங்கையும் துளைத்துக்கொண்டு வரும். வராவிட்டாலும் பழைய ஓட்டை உள்ளே அப்படியே இருக்கும். பட்டி அதைவிட மோசம். மேலே வழவழப்பாக மூடிவிடும், பைப்புக்குள் போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அடியில் நின்று 2 மி.மீ. தகட்டை உள்ளிருந்து தின்னும்.

அந்தத் தலைமுடிக் கோடுதான் எனக்கு உண்மையான கவலை. ஓட்டை ஆண்டுக் கணக்கில் அப்படியே கிடக்கும். விரிசல் வளரும். ஒவ்வொரு முறை காற்று ஷீட்டைத் தூக்கும்போதும் தூணின் அடிதான் அந்த ஆட்டத்தை வாங்குகிறது. மார்கழிக்குள் இன்னொரு புயல் வரலாம், தள்ளிப்போடாதீர்கள்.

அங்கே ஏன் விட்டது என்பதை யூகிக்க முடிகிறது. 10 மி.மீ. பிளேட் சூட்டைக் குடித்துவிடும், 2 மி.மீ. பைப் சீக்கிரம் உருகிவிடும். பைப் ஓட்டையாகிவிடுமே என்ற பயத்தில் வெல்டர் ஆம்ப்ஸை, அதாவது மின்னோட்டத்தைக் குறைப்பார். உருகிய இரும்பு பைப்போடு ஒட்டும், பிளேட்டின் மேல் மெழுகு சொட்டியதுபோல் சும்மா உட்கார்ந்திருக்கும். கீழே வீட்டு பிளக்கிலிருந்து மெல்லிய ஒயரை மூன்று மாடி இழுத்து மெஷின் ஓட்டினால் வோல்டேஜ் இறங்கி இது இன்னும் மோசமாகும். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு: ராடு முனையை பிளேட் பக்கம் சாய்த்து, சூட்டில் பெரும்பங்கை பிளேட்டுக்குக் கொடுத்து, உருகிய குழம்பு பைப்பைத் தொட்டுவிட்டு வரும்படி ஓட்ட வேண்டும்.

நீங்களே பார்க்க ஒரு வழி இருக்கிறது. பாரிமுனைப் பக்கம் வெல்டிங் சாமான் விற்கும் கடைகளில் மூன்று ஸ்பிரே டப்பா கொண்ட செட் கிடைக்கும்: கிளீனர், சிவப்பு மை, வெள்ளை டெவலப்பர். பெயிண்டைக் கெமிக்கல் ரிமூவரால் எடுங்கள், கிரைண்டர் வேண்டாம், அது விரிசலின் வாயை இழுத்து மூடிவிடும். கிளீனர் போட்டுத் துடைத்து, சிவப்பு மை அடித்துப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு கிளீனர் நனைத்த துணியால் துடையுங்கள், கிளீனரை நேரே அடித்தால் உள்ளே போன மையும் வந்துவிடும். வெள்ளையை மெல்லியதாக அடித்தால் ஓட்டை சிவப்புப் புள்ளியாகவும் விரிசல் சிவப்புக் கோடாகவும் எழும். கோடு நீங்கள் நினைத்ததைவிட நீளமாக இருக்கக்கூடும். அப்படியே பைப் ஓரமாக நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் அங்கே வெல்டிங் சூட்டில் பைப் உருகிப் பள்ளமாகியிருக்கிறது, ஆம்ப்ஸ் அதிகம் வைத்து வேகமாக இழுத்ததன் அடையாளம்.

சிறு சுத்தியலால் தூணின் கீழ் ஒரு அடியைத் தட்டிக்கொண்டே வாருங்கள். சத்தம் மந்தமானாலோ தகடு குழிந்தாலோ உள்ளே துரு தின்றுவிட்டது. அங்கே வெல்டிங் பேச்சே வேண்டாம், அந்தப் பகுதியை வெட்டி மாற்ற வேண்டும்.

கைவைக்கும் முன் அந்தத் தூணுக்குப் பக்கத்தில் சவுக்குக் கட்டை முட்டுக் கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு தூண் மட்டும். கிரைண்டர் போட்டு, ஒரு புள்ளிகூட இல்லாமல் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை பழைய வெல்டிங்கை எடுக்க வேண்டும். விரிசல் என்றால் கோடு முடியும் இடத்தையும் தாண்டி ஒரு அங்குலமாவது எடுக்க வேண்டும். பைப்போடு பைப் சேரும் இடத்துக்கு 2.5 மி.மீ. ராடு, 70 முதல் 85 ஆம்ப்ஸ். பேஸ் பிளேட்டுக்கு 3.15 மி.மீ., அதாவது பத்தாம் நம்பர் ராடு, 100 முதல் 120. எர்த் கிளாம்ப் பெயிண்ட் இல்லாத இரும்பைக் கடிக்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டுக்கும் பிறகு ஸ்லாக்கை, அதாவது மேலே படியும் ராடுக் கசடைத் தட்டி, பிரஷ் போட்டபின்தான் அடுத்தது. ஸ்லாக்கோடு மேலே ஓட்டினால் கண்ணாடித் துண்டு போல உள்ளேயே தங்கிவிடும். முடிக்கும் இடத்தில் ராடைச் சட்டென்று தூக்காமல் சற்றுப் பின்னால் கொண்டுவந்து பள்ளத்தை நிரப்பிவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் பள்ளத்தில்தான் விரிசல் பிறக்கிறது. தூறல் இருந்தால் வேலையே வேண்டாம், ஷாக் அடிக்கும்.

"7018 ராடு போட்டுத் தருகிறேன், பாய்லர் ராடு" என்று விலை ஏற்றினால் ஒன்று கேளுங்கள்: அதைக் காயவைக்க மின் அடுப்பு (ஓவன்) இருக்கிறதா? 300 முதல் 350 டிகிரியில் காயவைத்துச் சூடாகவே எடுத்து ஓட்ட வேண்டிய ராடு அது. பையில் கிடந்த 7018-ஐவிடக் காய்ந்த 6013 மேல்.

வெல்டர் மீது மட்டும் கோபப்படாதீர்கள். நம் ஊரில் இந்த வேலைக்குக் கூலி கிலோ கணக்கில். இரும்பு எடைக்குக் காசு, வெல்டிங் நீளத்துக்கு இல்லை. நாலு பக்கம் ஓட்ட வேண்டிய இடத்தில் இரண்டு டாக் (பொட்டு வெல்டிங்) அடித்துப் பட்டி பூசினாலும் எடை ஒன்றுதான், நடுவில் நிற்பவருக்கு லாபம் கூடுதல். பாய்லர் வெல்டருக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறோம். திருச்சியில் வெல்டிங்குக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எஃகுக் கட்டுமானத்துக்கு ஐ.எஸ். 800, வெல்டிங்குக்கு ஐ.எஸ். 816 என்று இந்தியத் தர விதிகளும் உண்டு. குழந்தைகள் விளையாடும் மாடிக் கூரையைப் பார்க்க மட்டும் ஒரு ஆள் வருவதில்லை. இத்தனை கூரைகள் எழும் நகரத்தில் இது சகிக்க முடியாத அலட்சியம். அதனால் பார்க்கும் ஆள் நீங்கள்தான்.

"நான் பார்க்கும்வரை பிரைமரோ பட்டியோ வைக்கக்கூடாது" என்று எழுதி வாங்கிக்கொண்டு, மீதிப் பணத்தை அதுவரை கையில் வையுங்கள். வெல்டிங் கை பொறுக்கும் அளவுக்கு ஆறியதும் அதே சிவப்பு மையை மறுபடி அடித்துப் பாருங்கள். புள்ளியோ கோடோ எழாவிட்டால் நன்றாகத் துடைத்துவிட்டு, பனி இறங்கும் முன் அன்று மாலைக்குள்ளேயே பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள்.