வீட்டுத் தோட்டத்தில் கிரவுண்ட்ஹாக் (மண்ணில் வளை தோண்டி வாழும் வட அமெரிக்கப் பிராணி) குடியேறிவிட்டது. அதன் பழக்கங்கள் என்ன? துரத்தாமல் சமாளிக்க முடியுமா?

முடியும். ஆனால் அதன் வளை எங்கே இருக்கிறது, எத்தனை வாசல் என்று முதலில் கண்டுபிடியுங்கள். மற்றப் பழக்கங்கள் எல்லாம் அங்கிருந்துதான் புரியும்.

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கும் மரக் கொட்டகைக்கு அடியில் ஒரு பெண் கிரவுண்ட்ஹாக் சில வருடங்களாக இருக்கிறது. பார்க்கப் பெருச்சாளி போல இருந்தாலும் இது அணில் குடும்பம். மரம்கூட ஏறும். கொட்டகையை ஒட்டிப் புதுமண் குவிந்து கிடப்பது பெரிய வாசல். இன்னொரு வாசல் புல்லுக்குள் மறைந்திருக்கிறது. அதை உள்ளேயிருந்து தோண்டுவதால் வெளியே மண்ணே இருக்காது, காலை வைத்தால்தான் தெரியும். ஆபத்து வந்தால் ஓடி விழுவதற்கான துளை அது. வளைக்குள் படுக்க ஓர் அறை, கழிவுக்குத் தனி அறை. இவ்வளவு சுத்தமான பிராணியை எலி என்று திட்டுவதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

கோடையில் காலை வெயில் ஏறுவதற்கு முன்பும் மாலையிலும்தான் மேயும். நான் கவனித்ததில் முக்கியமானது இதுதான்: அதன் நாள் முழுவதும் வளைக்கும் தனக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிட்டே போகிறது. முதலில் தலை மட்டும் வெளியே வரும். அப்படியே வெகுநேரம் இருக்கும். பிறகு நாலு வாய் புல், உடனே பின்னங்காலில் நிமிர்ந்து நின்று சுற்றிப் பார்ப்பது, மறுபடி நாலு வாய். பருந்தின் நிழல் விழுந்தால் கூர்மையாக ஒரு விசில் அடித்துவிட்டு மறைந்துவிடும். துளையிலிருந்து விலக விலக நிமிர்ந்து பார்ப்பது அதிகமாகும், தின்பது குறையும். கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்த அவரைக் கொடி மொட்டையாகி, வேலியோரத்து அவரை தப்பியது இதனால்தான்.

அதற்குப் பிறகு வளைக்கு அருகே குளோவர், டேன்டிலையன் என்ற புல்வெளிச் செடிகள் வளரட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டும் அதற்கு மிகவும் பிடித்தவை. அவரை, பட்டாணி, கீரை எல்லாம் தூரத்துப் பாத்திக்குப் போயின. அந்தப் பாத்தியைச் சுற்றி மூன்றடி உயரத்துக்குக் கம்பி வலை. அடிப்பகுதியை ஓரடி ஆழத்தில் வெளிப்பக்கமாக மடக்கிப் புதைக்க வேண்டும், தோண்டி வர முடியாது. மேல் ஓரடியைக் கம்பத்தில் கட்டாமல் தொளதொளவென்று விடுங்கள். ஏறும்போது வலை பின்னால் சாய்ந்தால் இறங்கிவிடும்.

இவ்வளவு தின்பதற்குக் காரணம் குளிர்காலம். அக்டோபர், நவம்பரில் படுத்தால் வசந்தம் வரை எழுந்து தின்னாது. நிமிடத்துக்கு 80 தடவைக்கு மேல் துடிக்கும் இதயம் ஐந்து தடவை அளவுக்குக் குறைந்துவிடும், உடம்பும் சில்லிட்டுவிடும். சேர்த்த கொழுப்பில்தான் உயிர் ஓடும். ஆண்கள் மட்டும் பிப்ரவரியிலேயே சற்று வெளியே வந்து பெண்களின் வளைகளைப் பார்த்துவிட்டுப் போகும். பென்சில்வேனியாவின் பங்ஸடானியில் 1887 முதல் பிப்ரவரி 2 அன்று நடக்கும் கிரவுண்ட்ஹாக் விழாவும் அந்தச் சமயத்தில்தான். குளிர்காலம் நீளுமா, வசந்தம் சீக்கிரம் வருமா என்று அன்று கிரவுண்ட்ஹாக் காட்டிவிடும் என்பது அங்கே நம்பிக்கை. வானிலையை அது சொல்லும் என்று நான் நம்பவில்லை, ஆனால் அந்த நாளில் கொல்லையைப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. ஏப்ரல், மே வாக்கில் கண் திறக்காத குட்டிகள் பிறக்கும். கோடை நடுவில் அவை தனித்தனியாகப் பிரிந்து போய்விடும். இது கூட்டமாக வாழும் பிராணி இல்லை.

சரி, அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் தோண்டிவிட்டது, மூடியே ஆக வேண்டும் என்றால்? ஆகஸ்ட், செப்டம்பர்தான் பொருத்தமான சமயம். அதற்கு முன்னால் உள்ளே குட்டிகள் இருக்கலாம், அதற்குப் பின்னால் தாயே தூங்கிக்கொண்டிருக்கும். எல்லா வாசல்களிலும் செய்தித்தாளைக் கசக்கி லேசாகச் செருகி வையுங்கள். சில நாள் மழையில்லாத வானிலையில் அது அசையாமல் இருந்தால் காலி என்று பொருள். புகை, விஷம் வேண்டவே வேண்டாம். பழைய வளைகளில் முயலும் ஸ்கங்க்கும் (நாற்றத் திரவம் பீய்ச்சும் சிறு பிராணி) நரியும் குடியிருப்பது சாதாரணம். பிடித்து வேறிடத்தில் விடுவதற்கு மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு, பல இடங்களில் அனுமதி கிடையாது. கூண்டு வாங்குவதற்கு முன் உங்கள் மாநில வனவிலங்குத் துறையைக் கேளுங்கள்.