அப்பாவிடம் சொல்லாதே என்றது யார்?

கேள்வி: நாங்கள் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம். பத்தாவது படிக்கும் மகளின் முகத்தை யாருடைய உடம்போடோ ஒட்டி, போலி இன்ஸ்டாகிராம் கணக்கிலிருந்து அனுப்பி மிரட்டுகிறார்கள். மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, தலைகூட வாரிக்கொள்வதில்லை. போனை வாங்கி வைத்துவிட்டேன். அவள் அப்பா பொள்ளாச்சியில் தேங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறார். அவருக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார், வாயைத் திறக்காதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். பரீட்சை வருகிறது. அவள் மனதைப் படிப்பில் திருப்புவது எப்படி?

பதில்: பரீட்சை இருக்கட்டும் அம்மா. அவள் அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். மிரட்டுகிறவன் என்ன எழுதியிருப்பான்? "உங்கப்பாவுக்கு அனுப்பிடுவேன்." அதேதான். அவன் வெளியிலிருந்து சொல்வதை நீங்கள் அடுப்படியில் நின்று சொல்கிறீர்கள். பிள்ளை எந்தப் பக்கம் ஓடுவாள்?

கம்பத்திலிருந்தும் செங்கோட்டையிலிருந்தும் இதே கடிதம் வருகிறது. எல்லா வீட்டிலும் அப்பாவுக்குத் தெரியாது. அப்பா என்பவர் ஒளித்துவைக்க வேண்டிய பூச்சாண்டியா? மகளுக்கு ஒன்று என்றால் முன்னால் வந்து நிற்பது அவர் கடமை. அந்தக் கடமையைச் செய்யவிடாமல் நீங்கள்தான் தடுக்கிறீர்கள்.

போனைப் பிடுங்கியதும் தப்பு. தண்டனை அவளுக்கா? திருப்பிக் கொடுங்கள். எதையும் அழிக்க வேண்டாம். மிரட்டல், கணக்கின் பெயர், தேதி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அப்புறம் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள், பாலக்காடு சைபர் காவல் நிலையத்துக்கும் போகலாம். ஒட்டுவேலை செய்த படம்தானே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படிப்பட்ட ஆபாசப் படத்தை வைத்துச் சிறுமியை மிரட்டுவதும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி குற்றம்தான். வீட்டு வாசலில் போலீஸ் வந்து நிற்குமே என்று பயப்படுவீர்கள், தெரியும். அதே சட்டம், வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அவள் கேட்கும் இடத்திலோ, சீருடை இல்லாமல், கூடியவரை பெண் அதிகாரியே வாங்க வேண்டும் என்கிறது. அவள் பெயரும் வெளியே வரக்கூடாது.

சாப்பாடும் தூக்கமும் இப்படியே போனால் 14416-க்குப் பேசுங்கள். அரசின் மனநல உதவி எண், காசு இல்லை.

இன்று சாயங்காலம் உட்காரவைத்து அவள் தலையை நீங்களே வாரிவிடுங்கள். அவள் அப்பா பஸ் இறங்கி வந்ததும், சோறு போடுவதற்கு முன்னால், அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்லுங்கள். முதலில் கத்துவார், கத்தட்டும். "உன்மேல தப்பு இல்ல கண்ணு" என்று அவர் வாயால் அவள் கேட்கும்வரை நீங்கள் எழுந்து போகாதீர்கள்.