அமைதியின்மை நோயினாலா, மருந்தினாலா?

கேள்வி: மனநலப் பிரிவில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். ஹாலோபெரிடால் என்னும் மனநோய் மருந்தைத் தொடங்கிய மூன்றாம் நாள் ஒரு நோயாளி உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருந்தார். நோய் தீவிரமாகிவிட்டதாக எண்ணிக் கூடுதல் ஊசி போட்டோம். அவருடைய தவிப்பு இன்னும் அதிகமாயிற்று. இதை எப்படிப் பிரித்தறிவது?

பதில்: நீங்கள் விவரிப்பது அகதீசியா என்னும், சும்மா இருக்க விடாத மருந்தின் பக்கவிளைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மனநோய் மருந்தைத் தொடங்கிய அல்லது அளவைக் கூட்டிய சில நாள்களிலோ வாரங்களிலோ இது தோன்றும்; நோய் என்று கருதி அதே மருந்தைக் கூட்டினால் மோசமாகும்.

நோயாளியிடம் "ஏன் நடக்கிறீர்கள்?" என்று நேரடியாகக் கேளுங்கள். குரல் கேட்கிறது, யாரோ துரத்துகிறார்கள் என்றால் அது நோயின் பக்கம் சாய்கிறது. "கால் சும்மா இருக்க மாட்டேங்குது, உட்கார்ந்தால் உள்ளுக்குள் தவிக்குது" என்றால் மருந்தைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்பதால், அவரை இரண்டு நிமிடம் உட்காரவைத்தும் இரண்டு நிமிடம் நிற்கவைத்தும் கால்களைக் கவனித்து, அசைவு தொடங்கிய நேரத்தை மருந்துப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். இந்தத் தவிப்பு தற்கொலை எண்ணத்தைத் தூண்டக்கூடும் என்பதால் அதையும் தயங்காமல் கேட்க வேண்டும். தேவைக்கேற்பக் கொடுக்கும் அடுத்த ஊசியைப் போடும் முன் மருத்துவரிடம் பேசுங்கள். அவர் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், அல்லது இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்தான புரோப்ரனலால் சேர்க்கலாம். புரோப்ரனலால் என்றால் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், ஆஸ்துமா வரலாறு ஆகியவற்றை முதலில் சரிபார்த்துச் சொல்வது உங்கள் பொறுப்பு.

கழுத்து திருகுதல், கண்கள் மேலே செருகுதல், நாக்கு துருத்துதல் ஆகியவை டிஸ்டோனியா, அதாவது இம்மருந்துகளால் வரும் தசை இறுக்கம்; பார்த்தாலே தெரியும். குரல்வளை இறுகி மூச்சுத் திணறினால் மட்டும் அது உயிருக்கே ஆபத்து.

காய்ச்சலோடு உடல் விறைப்பு, வியர்வை, குழப்பம், ஏறி இறங்கும் இரத்த அழுத்தம் ஆகியவை சேர்ந்தால், பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சிண்ட்ரோம் (மனநோய் மருந்தால் வரும் உயிராபத்தான எதிர்வினை) எனக் கருதி, அடுத்த வேளை மருந்தை நிறுத்திவைத்து உடனே மருத்துவரை அழையுங்கள். குளோசபின் என்னும் மனநோய் மருந்து வெள்ளை அணுக்களைக் குறைக்கக்கூடும் என்பதால், அதை எடுப்பவருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றே இரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும்.

மனநிலையைச் சீராக்கும் மருந்தான லித்தியம் எடுப்பவருக்குக் கை பெரிதாக நடுங்கி, வாந்தியும் வயிற்றுப்போக்கும் தள்ளாட்டமும் இருந்தால், வலிக்கு இபுப்ரோஃபென் எடுத்தாரா என்று விசாரியுங்கள். அது லித்தியத்தை உடலில் தேங்கவைக்கும். கடைசி வேளைக்குப் 12 மணி நேரம் கழித்து எடுக்கும் வழக்கமான பரிசோதனையில் இரத்தத்தில் லித்தியம் லிட்டருக்கு 1.5 மில்லிமோலுக்கு மேல் இருந்தால் நச்சுத்தன்மை என்பார்கள். ஆனால் அறிகுறிகள் தெளிவாக இருக்கும்போது அந்தப் 12 மணி நேரத்துக்காகக் காத்திருக்காமல் உடனே இரத்தம் எடுக்கவேண்டும். எண் அதற்குக் கீழே இருந்தாலும் அறிகுறிகளையே நம்புங்கள்.

பதிவேட்டில் "நோயாளி அமைதியின்றி இருந்தார்" என்று மட்டும் எழுதினால் அடுத்த முறைப்பணிக்கு வருபவரும் ஊசியையே எடுப்பார். "காலை 8 மணிக்கு ஹாலோபெரிடால் 5 மி.கி.; 11 மணி முதல் உட்கார இயலவில்லை; குரல்கள் கேட்கவில்லை என்கிறார்; மருத்துவருக்குத் தெரிவிக்கப்பட்டது" என்று எழுதுங்கள்.