மகள் ‘மேற்பரப்பு’ ஆராய்ச்சிக்குப் போகட்டுமா?

ஐயா, உங்கள் கடிதம் கிடைத்தது. மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள், கேம்பஸ் வேலை வேண்டாம், திண்மப்பொருள்களின் மேற்பரப்பு விளைவுகளை ஆராயப் போகிறேன் என்கிறாள். இப்படி ஒரு பிழைப்பு உண்டா என்று கேட்கிறீர்கள். உண்டு. ஆனால் அவள் நுழைய நினைக்கும் வாசல் குறுகலானது.

கடலூர் முதுநகரில் படகுப் பட்டறை வைத்திருக்கும் உங்களுக்கு அவள் படிப்பின் பாதி ஏற்கெனவே தெரியும். ஒரு பலகையின் இரு முனைகளையும் கட்டைகள்மேல் சும்மா வைத்து நடுவில் பாரம் ஏற்றுங்கள். அது ஓரளவு தாழும். அதே பலகையின் முனைகளை அசையாமல் இறுக்கிவிட்டு அதே பாரத்தை ஏற்றினால், கணக்குப்படி அதில் நான்கில் ஒரு பங்குதான் தாழும். மரமும் மாறவில்லை, பாரமும் மாறவில்லை. முனைகளைப் பிடித்த விதம் மட்டுமே மாறியது. இதைத்தான் எல்லை நிபந்தனை என்கிறார்கள். பாரம் எந்த இடத்தை எவ்வளவு வருத்துகிறது என்று காட்டும் வண்ணப்படத்தைக் கணினியில் வரவழைக்கப் பலருக்குத் தெரியும். முனை எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டால் விழிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மேற்பரப்பு விளைவு அதற்கு அடுத்த படி. தாமரை இலையில் நீர்த்துளியை உருட்டி வைக்கும் இழுவிசைக்கு ஒப்பான ஒன்று திண்மப்பொருளின் மேல்தோலிலும் இருக்கிறது. பெரிய இரும்புத்துண்டில் அதைக் கணக்கில் எடுக்கவே தேவையில்லை. ஆனால் நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றிலும் 40 அணுக்கள் வீதம் அடுக்கிய கனசதுரத்தை எண்ணிப் பாருங்கள்: மொத்தம் 64,000 அணுக்களில் 9,128 வெளிப்புறத்தில் இருக்கும், ஏறத்தாழ 14 விழுக்காடு. அந்த அளவில் தோலை ஒதுக்க முடியாது. 1975-இல் கர்டின், மர்டாக் என்ற இருவர், மேற்பரப்பைத் தனக்கென மீள்தன்மை (இழுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் தன்மை) உடைய, உடலோடு ஒட்டிய மெல்லிய தோலாகக் கருதிக் கோட்பாடு அமைத்தார்கள். விளைவாக, எல்லை நிபந்தனைச் சமன்பாட்டிலேயே மேற்பரப்புத் தகைவு, அதாவது அந்தத் தோலின் இழுவிசை, வந்து உட்கார்ந்துகொண்டது. உங்கள் மகளை மயக்கியது இதுதான் என்று நினைக்கிறேன். மயங்கத்தக்க விஷயம்தான்!

ஆனாலும் இந்த அணு அளவு நுண்பொருள்களுக்குச் சூட்டும் ‘நானோ’ என்ற சொல்லை மட்டும் நம்பி இறங்கவேண்டாம். திண்மப்பொருள் விசையியலில், அதாவது பாரம் ஏற்றினால் திடப்பொருள் எப்படி வளையும், உடையும் என்ற படிப்பில், பரந்த அடித்தளம் முதலில். மேற்பரப்பு ஆராய்ச்சி அதன்மேல். அடித்தளம் இருந்தால், ஆராய்ச்சி பிடிக்காமல் போனாலும் வாகன, விமான நிறுவனங்களின் வடிவமைப்புப் பிரிவுகளில் வேலை தேடலாம். பொறியியல் மேற்படிப்புக்கான ‘கேட்’ நுழைவுத் தேர்வை மெக்கானிக்கல் தாளிலோ, திண்ம விசையியல் பகுதி உள்ள பொறியியல் அறிவியல் தாளிலோ எழுதலாம். அதன்வழி எம்.டெக். சேர்ந்தால் மாதம் ரூ.12,400 உதவித்தொகை, முனைவர் பட்டத்துக்கு இளநிலை ஆய்வாளராகச் சேர்ந்தால் ரூ.37,000. சென்னை ஐ.ஐ.டி.யில் பயன்பாட்டு விசையியலும் உயிர்மருத்துவப் பொறியியலும் சேர்ந்த துறை இருக்கிறது. தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையமும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையமும் இருக்கின்றன. முனைவர் பட்டம் ஐந்து ஆண்டுகளைத் தின்னும். கல்யாணப் பேச்சை எப்போது எடுப்பது என்பதை அவளிடமே விட்டுவிடுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பலகையைப் பட்டறையில் அவளிடமே கொடுங்கள். தாழ்வை முதலில் தாளில் கணக்கிட்டுவிட்டு, பிறகு அளக்கட்டும். முனைகளை நீங்கள் எவ்வளவு இறுக்கினாலும் அளவு நான்கில் ஒரு பங்குக்கு இறங்காது. பிடியும் கொஞ்சம் நெகிழும். ஏன் இறங்கவில்லை என்று சாப்பாட்டை மறந்து தேடினாளானால், ‘கேட்’ விண்ணப்பத்துக்குப் பணம் கட்டிவிடுங்கள்.