பிராட்ஃபீல்ட் காட்டை அழிக்கவில்லை, தைரியமாகப் போங்கள்

இங்கிலாந்தின் சஃபோக் பக்கம் போனபோது பிராட்ஃபீல்ட் காட்டில் ஒரு பகுதி மொட்டையாகக் கிடந்தது, காட்டை அழிக்கிறார்கள் போல, ஏப்ரலில் மறுபடி போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயம் போங்கள். அது அழிப்பு இல்லை, கரும்பில் மறுதாம்பு விடுவது போலத்தான்: ஹேசல், ஆஷ் மரங்களைக் குளிர்காலத்தில் தரையை ஒட்டி வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து புதுக் கழிகள் கிளம்பும், சில வருடம் கழித்துத் திரும்ப வெட்டுவார்கள், 1252 முதலே இதற்குப் பதிவு இருக்கிறது. உண்மையான அழிப்பு நடந்தது 1960களில், காட்டில் ஒரு பகுதியை வயலாக்கிவிட்டார்கள், நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. வெட்டிய இடத்தில் வெயில் இறங்குவதால்தான் அடுத்தடுத்த வசந்தங்களில் ஆக்ஸ்லிப் என்ற காட்டுப்பூ மஞ்சளாகப் பூக்கும், அதனால் அந்த மொட்டை இடத்தையே தேடிப் போங்கள். வேலி இருந்தால் தாண்டாதீர்கள், மான் துளிரைத் தின்றுவிடாமல் இருக்கப் போட்டது.

அப்புறம் அந்தப் பக்கத்து ஊர்களின் தேவாலயங்கள். லாவன்ஹம் எல்லோரும் சொல்வார்கள், ஒரே நாள்தான் என்றால் நான் ஹெசெட்டும் வூல்பிட்டும்தான் சொல்வேன். ஹெசெட் சுவரில் கிறிஸ்துவைச் சுற்றித் தொழில் கருவிகளாக வரைந்திருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தால் அவரைக் காயப்படுத்துகிறீர்கள் என்ற எச்சரிக்கை. வூல்பிட்டில் அண்ணாந்து கூரையைப் பாருங்கள், மர உத்தரமெங்கும் இறக்கை விரித்த தேவதூதர்கள். சின்ன ஊர்கள், கிளம்பும் முன் கதவு திறந்திருக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.