கல்யாணம் ஆயிற்று, வரிக் கணக்கு யார் பெயரில்?

கேள்வி: தை மாதம் திருமணம் ஆனது. இருவருக்கும் சம்பளம் வருகிறது. அமெரிக்காவில் தம்பதியர் ஒரே ரிட்டர்ன் போடலாமாமே, இங்கே முடியுமா?
– வாசகர், திருப்பூர்

முடியாது. இந்தியாவில் ஒரு பான் எண்ணுக்கு ஒரு ரிட்டர்ன். தாலி ஏறினாலும் அது மாறாது. ஆனால் புதிய வரி முறையா, பழையதா என்பதை இருவரும் தனித்தனியே முடிவு செய்யலாம். ஒருவர் பழையதிலும் மற்றவர் புதியதிலும் இருக்கத் தடையில்லை. 2025-26 நிதியாண்டில் புதிய முறையில் 12.75 லட்சம் வரையிலான சம்பளத்துக்கு வரி வராது (பங்கு விற்ற லாபத்துக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது). அதற்குள் இருப்பவர் பழைய முறையைத் திரும்பிப் பார்க்கவே வேண்டாம்.

அதற்கு மேல் சம்பளம் வாங்குபவர் மட்டும், எந்த முறை லாபம் என்று அறிய, பழைய முறையின் கழிவுகளான வாடகைப்படி, வீட்டுக்கடன் வட்டி, 80சி (பி.எஃப்., காப்பீடு போன்ற சேமிப்புக்கான கழிவு) எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கட்டும். வாடகையை இருவரும் பகிர்ந்து கொடுத்தால், அவரவர் கொடுத்த பங்குக்குத்தான் கழிவு. ஒரே ரசீதை இருவரும் முழுத்தொகைக்கும் காட்டினால் மாட்டிக்கொள்வீர்கள்.

கேள்வி: என் கணவர் 30 சதவீத வரி வரம்பில் இருக்கிறார். எனக்கு வருமானம் இல்லை. அவர் 10 லட்சம் ரூபாயை என் கணக்குக்கு மாற்றி, என் பெயரில் டெபாசிட் போட்டால் வரி மிச்சமாகும் என்கிறார்கள். சரியா?
– வாசகி, கும்பகோணம்

பணத்தை அவர் உங்களுக்குத் தரலாம், அதற்கு வரியில்லை. வட்டிதான் சிக்கல். மனைவிக்கு இனாமாகக் கொடுத்த பணம் ஈட்டும் வருமானம், வரி போடும்போது கணவரின் வருமானத்தோடு சேரும். இதைத்தான் ஆடிட்டர்கள் ‘கிளப்பிங்’ என்பார்கள். 7 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 70,000 ரூபாய். அதற்கு அவர் கட்ட வேண்டியது, செஸ் (வரியின் மேல் 4 சதவீத கூடுதல் வரி) சேர்த்து 21,840. அந்த 70,000-ஐ நீங்கள் மறுபடி முதலீடு செய்து வரும் வட்டி மட்டும் உங்களுடையது.

நடைமுறையில் தகராறு எங்கே வருகிறது? வட்டி 50,000-ஐத் தாண்டுவதால் வங்கி 10 சதவீத டி.டி.எஸ். (வட்டி தரும்போதே பிடிக்கும் வரி) பிடித்து உங்கள் பான் எண்ணில் வரவு வைக்கும். வரித் துறை இணையதளத்தில் உள்ள உங்கள் ஆண்டுத் தகவல் அறிக்கையிலும் அந்த வட்டி ஏறிவிடும். கணவர் தம் ரிட்டர்னில், வாழ்க்கைத்துணையின் வருமானத்துக்கென உள்ள அட்டவணையில் அதைக் காட்ட வேண்டும். நீங்கள் அறிக்கையில் ‘இது வேறு பான் எண்ணுக்கு உரியது’ என்று பதிவு செய்ய வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டாலும் பொருந்தவில்லை என்று தகவல் வரும்.

திருமணத்துக்கு முன்பே உங்களிடம் இருந்த சேமிப்பு, சீர் நகை, மொய்ப் பணம் ஆகியவற்றின் வருமானம் உங்களுடையதே. அதனால் அந்தப் பணத்துக்குத் தனிக் கணக்கு வையுங்கள். கணவர் தருவதோடு கலந்துவிட்டால் பிறகு பிரித்துக் காட்டுவது பெரும்பாடு.

கேள்வி: மொய்ப் பணத்துக்கு வரி உண்டா?
– வாசகர், மதுரை

மணமக்களுக்குத் திருமணத்தை ஒட்டி வந்த அன்பளிப்புக்கு, யார் தந்தாலும் எவ்வளவு தந்தாலும், வரி இல்லை. பெற்றோர் வாங்கி வைத்துக்கொள்ளும் மொய்க்கு இந்தச் சலுகை பொருந்தாது. சட்டம் உறவினர் என்று வரையறுத்தவர்கள் தந்ததை விட்டுவிட்டு, மற்றவர்கள் தந்தது ஆண்டில் மொத்தம் 50,000-ஐத் தாண்டினால் முழுத்தொகையும் வருமானம். ஒரே ஆளிடம் ஒரு நிகழ்ச்சிக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவும் கூடாது. வாங்கிய அளவுக்கே அபராதம் விழலாம். மொய் நோட்டைப் பத்திரப்படுத்துங்கள், பணம் வந்த வழிக்கு அதுவே சாட்சி.

கேள்வி: பான் அட்டையில் பெயரை மாற்றியே ஆக வேண்டுமா?
– வாசகி, சேலம்

கட்டாயமில்லை. எண்ணும் மாறாது. மாற்றுவதென்றால் ஆதார், பான், வங்கி என மூன்றிலும் ஒரே பெயராக மாற்றுங்கள். வங்கிக் கணக்கில் ஒரு பெயர், பான் அட்டையில் வேறு பெயர் என்றிருந்தால் கணக்குச் சரிபார்ப்பு தோற்று ரீஃபண்ட் நின்றுவிடும்.